செயலாளர் மேசையில் மட்டும் திறந்த இணையதளம்

போன வாரம் கவிதா போனில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அலுவலகத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். நிலையத்தின் இணையதளத்தைப் புதிதாகச் செய்து தர ஒரு கம்பெனிக்காரர்கள் வந்திருக்கிறார்களாம். பழைய பதிவேடுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தார்களாம்.

"மேடம், அப்லோட் ரெஜிஸ்டர்ல கடைசிக் கட்டத்துல வரிக்கு வரி 'த'ன்னு போட்டு நேரம் எழுதியிருக்கீங்களே, அது என்ன? அவங்களுக்குப் புரியலையாம். வேணாம்னா எடுத்துடலாமான்னு கேக்கறாங்க."

சொல்கிறேன் என்றேன். அதற்குள் அவள், கம்பெனிக்காரர்கள் எழுதிக் கொடுத்த அறிக்கையிலிருந்து ஒரு வரியையும் வாசித்துக் காட்டினாள். பார்வையாளர்கள் பழைய போன்களையும் மெதுவான இணைப்பையும் பயன்படுத்துவதே இந்தத் தளத்தின் முக்கியப் பிரச்சினையாம். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். பல வருடங்களுக்கு முன்னால் இதே பேச்சை ஒரு பெண்ணின் முகத்துக்கு நேராகச் சொன்ன அறையில் நானும் நின்றிருந்தேன். போனில் சொன்னால் அடங்காது, எழுதித் தருகிறேன் என்று வைத்துவிட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் நிலையம் நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். ஓர் அறக்கட்டளை நடத்தும் பெண்கள் தொழிற்பயிற்சி நிலையம். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர் என்று மூன்று பிரிவுகள். ஒரு வருடப் படிப்பு, விடுதியோடு. படித்து முடித்தவளுக்குச் சுற்றுவட்டாரத்து ஒர்க்‌ஷாப்புகளில் ஏதாவது ஒரு வேலை கட்டாயம் கிடைக்கும். நாற்று நடுகிற, களை எடுக்கிற வீட்டிலிருந்து ஒரு பெண் வெளியே வர இந்தப் பக்கத்தில் இருந்த ஒரு சில வாசல்களில் அதுவும் ஒன்று. வயது இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது என்பது விதி.

நான் மேல்பட்டாம்பாக்கத்துக்காரி, பெயர் பாத்திமா. அத்தாவுக்கு ஜவுளி வியாபாரம். டைப்ரைட்டிங்கில் தமிழும் இங்கிலீஷும் ஹையர் முடித்திருந்தேன். சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவருக்கு வாழ்க்கைப்பட்டு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்கு வந்து, நிலையத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கணினி வந்தபோது டைப் அடிக்கத் தெரிந்தவள் என்பதால் அதை என்னிடம் கொடுத்தார்கள். இணையதளம் வந்தபோது கணினி தெரிந்தவள் என்பதால் அதையும் கொடுத்தார்கள். பயிற்சி புதுச்சேரியில் இரண்டே நாள். இரண்டாம் நாள் மத்தியானத்தோடு அதுவும் முடிந்தது. மிச்சத்தை எல்லாம் தப்பு செய்து செய்து கற்றுக்கொண்டேன்.

தளத்தைச் செய்து கொடுத்தவர் பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் செயலாளர் அதைக் கவரில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, இரும்பு பீரோவில் பூட்டிவிட்டார். நல்ல வேளை, பூட்டுவதற்கு முன் நான் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். தளத்தின் பெயரை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும் என்ற விஷயமே ஒரு வருடம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியும். நினைவூட்டல் எல்லாம் செய்து கொடுத்தவரின் சொந்த மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். எட்டு நாள் எங்கள் முகவரியில் தளமே இல்லை. அந்த எட்டு நாளும் வெளியிலிருந்து ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இனி செயலாளர் ராஜகோபால் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கேயோ பெரிய ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்று அறக்கட்டளைக்கு வந்தவர். கெட்ட மனிதர் இல்லை. ஒரு ரூபாய் தொட மாட்டார், ஒரு நிமிடம் தாமதமாக வர மாட்டார். ஆனால் பச்சை மையில் கையெழுத்தும், ஊதா மையில் வட்ட முத்திரையும் இல்லாத காகிதத்தை அவர் காகிதமாகவே மதிக்க மாட்டார். பச்சை மையில் எழுத அவருக்கு இப்போது உரிமை உண்டா என்று யாரும் கேட்டதில்லை.

ஓர் அறிவிப்பு எங்கள் தளத்தில் ஏறுகிற விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதலில் நான் வரைவு டைப் அடிக்க வேண்டும். அவர் பச்சை மையில் திருத்துவார். மறுபடி அடிக்க வேண்டும். கையெழுத்து, முத்திரை, அனுப்புகை எண். பிறகு அந்தத் தாளைக் கலர் ஸ்கேனரில் வைத்து, இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் படம் எடுக்க வேண்டும். முத்திரையின் ஓரத்தில் ஓடும் எழுத்துகூடத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அவர் உத்தரவு. ஒரு பக்க அறிவிப்பை அப்படி எடுத்தால் ஒரு முழுப் பாட்டைவிடப் பெரிய ஃபைலாக வரும். அதே விஷயத்தை எழுத்தாக அடித்துப் போட்டால் கண் சிமிட்டும் நேரத்தில் வந்துவிடும். சொல்லிப் பார்த்தேன்.

"சீல் இல்லாம வெறும் எழுத்தா போட்டா எவன் நம்புவான்? யார் வேணா டைப் அடிக்கலாமேம்மா" என்றார்.

அதோடு விட்டாரா? அறிவிப்பை இன்னொரு பக்கத்தில் வைத்து முகப்பிலிருந்து தட்டிப் பார்க்கும்படி செய்யலாம் என்றேன். கூடாது, முகப்பிலேயே விரித்து வைக்க வேண்டும் என்றார். பழைய அறிவிப்புகளை எடுக்கலாமா என்றேன். அவை ஆவணம், எடுக்கக் கூடாது என்றார். ஆக, யாராவது எங்கள் தளத்தைத் திறந்தால் முதலில் நிறுவனரின் பெரிய படம், பிறகு நிலையப் பாடல் தானாகப் பாடும், அதற்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வருட அறிவிப்புகள், எல்லாம் பச்சைக் கையெழுத்தோடும் ஊதா முத்திரையோடும். இத்தனையும் இறங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அவர்கள் தேடி வந்தது கிடைக்கும்.

அலுவலக இணைப்பிலேயே அது ஊர்ந்துதான் வந்தது. செயலாளர் தினமும் சரியாகப் பத்து மணிக்குத் தளத்தைத் திறந்து பார்ப்பார். திறக்கத் திறக்க மணியை அடித்து என்னைக் கூப்பிடுவார். ஏம்மா சுத்துது, ஏம்மா இன்னும் வரலை. தினமும் பத்து மணிக்கு எனக்கு அர்ச்சனை. காரணம் உங்கள் முத்திரைதான் சார் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. நான் வேறு ஒன்று செய்தேன். இத்தனை வருடம் கழித்தும் அதை எழுதக் கை கூசுகிறது.

தளத்தின் ஃபைல்களை அப்படியே ஒரு காப்பி எடுத்து, அவர் கணினிக்குள்ளேயே வைத்துவிட்டேன். திரையில் அவர் வழக்கமாகத் தட்டுகிற படத்தைத் தட்டினால், வெளியே போகாமல் உள்ளேயிருக்கும் அந்தக் காப்பி திறக்கும். அவருக்கு வித்தியாசம் தெரியாது. அன்றைக்குப் பத்து மணிக்குத் தட்டினார், உடனே வந்துவிட்டது. "இப்ப பளிச்சுனு வருதே, என்னம்மா பண்ணினே?" என்றார். கொஞ்சம் சரி பண்ணினேன் சார் என்றேன். அந்த மாத ஊழியர் கூட்டத்தில் என்னைப் பேர் சொல்லிப் பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து புது அறிவிப்பு வந்தால் முதலில் அவர் கணினியில் போடுவேன். அவர் பார்த்துத் தலையாட்டிய பிறகு வெளியே ஏற்றுவேன். ஏற்றியது சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமே போய்விட்டது. அவர் பார்த்துவிட்டார் அல்லவா, அதுவே சரிபார்த்த மாதிரி. அலுவலகத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் நினைப்பு. மேலதிகாரி கண்ணுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி என்று நினைத்து வேலை பார்த்த கூட்டம் நாங்கள்.

இதில் இன்னொரு கேடும் உண்டு. தளத்துக்காக சர்வரில் எங்களுக்குக் கொடுத்திருந்த இடம் நிரம்பிக்கொண்டு வந்தது. வாடகை வீட்டில் சாமான் சேருவது போல, ஒவ்வொரு ஸ்கேனும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டது. பழையதை எடுக்க வேண்டும், அல்லது கூடுதல் இடம் வாங்க வேண்டும், அல்லது ஸ்கேனைச் சிறியதாக்க வேண்டும் என்று மூன்று தடவை குறிப்பு எழுதி வைத்தேன். மூன்று தடவையும் ஒரே பதில், பச்சை மையில்: "தேவையில்லை. நான் தினமும் பார்க்கிறேன். நன்றாகத் திறக்கிறது." அவர் பொய் எழுதவில்லை. அவர் மேசையில் நன்றாகத்தான் திறந்தது. திறக்க வைத்தவள் நான்.

2012 வாக்கில் என்று நினைவு. சேர்க்கைக்கான நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் அனுப்பினோம். தபால் செலவும் வேலையும் மிச்சம் என்று சொல்லி, செயலாளர் அந்த வருடம் கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தார். தேதியில் மாற்றம் இருந்தால் இணையதளத்தில் மட்டுமே அறிவிக்கப்படும், தனிக் கடிதம் வராது. அந்த வரியில் அவருக்கு ரொம்பப் பெருமை. நாமும் காலத்துக்கேற்ப மாறிட்டோம்மா என்றார்.

நேர்முகம் வியாழக்கிழமை என்று கடிதம் போயிருந்தது. தேர்வுக்கு வரவேண்டிய நிபுணருக்கு வியாழன் தோதுப்படவில்லை. செவ்வாய்க்கே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. தள்ளிப் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தெரியாதவள் முன்னால் வந்து காத்திருந்துவிட்டுப் போயிருப்பாள். முன்னால் இழுத்தார்கள்.

முந்தின வாரம் வெள்ளிக்கிழமை அறிவிப்பு தயாரானது. கையெழுத்து, முத்திரை, ஸ்கேன். செயலாளர் கணினியில் போட்டேன், பார்த்தார், தலையாட்டினார். வாசல் போர்டில் ஒரு நகல் ஒட்டினோம். வெளித்தளத்துக்கு ஏற்றத் தொடங்கிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது திரையில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு சின்னப் பெட்டி நின்றது. அந்த மென்பொருள் தினம் ஏதாவது ஒரு பெட்டியைக் காட்டும். படிக்காமல் மூடிவிட்டேன். இடம் நிரம்பிவிட்டது, ஃபைல் முழுதாக ஏறவில்லை என்று அந்தப் பெட்டி சொல்லியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, அழைத்தவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. "ஆர்வம் இல்லை, என்ன செய்ய?" என்று செயலாளர் உதட்டைப் பிதுக்கினார். வந்தவர்களை வைத்து எல்லா இடத்தையும் நிரப்பினார்கள். புதன்கிழமை பட்டியல் தயாராகி, முத்திரை வைத்து, போர்டில் ஒட்டியாகிவிட்டது.

வியாழக்கிழமை காலையில் நிலையம் திறக்கும் முன்பே கேட்டில் ஒரு பெண் நின்றிருந்தாள். பெயர் தமிழரசி. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் கிராமம். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்கள், ஒரு கையில் பழைய பட்டன் போன். பிளஸ் டூவில் நல்ல மார்க். வீட்டு நிலைமையால் அதற்கு மேல் படிக்கவில்லை, நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எலக்ட்ரீஷியன் பிரிவுக்கு விண்ணப்பித்திருந்தாள். இருபத்தைந்து வயது நிறைய அவளுக்கு இரண்டு மாதம்தான் பாக்கி இருந்தது. அடுத்த வருடம் என்பது அவளுக்குக் கிடையாது.

வாட்ச்மேன் போர்டைக் காட்டியிருக்கிறார். படித்துவிட்டு நேராகச் செயலாளர் அறைக்கு வந்தாள். ஏதோ கோப்போடு நானும் அங்கே நின்றிருந்தேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், நாலு நாளும் தளத்தைப் பார்த்ததாகச் சொன்னாள். வீட்டில் சிக்னல் இல்லாததால் வாய்க்கால் மடைமேல் ஏறி நின்று பார்த்தாளாம்.

"சுத்திக்கினே இருந்துச்சுங்க சார். ரொம்ப நேரம் கழிச்சு மேல் பாதி மட்டும் வந்துது. உங்க பேரு, லெட்டர் நம்பரு எல்லாம் தெரிஞ்சுது. கீழ வெறும் சாம்ப கலருதாங்க."

தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கலாமே என்று செயலாளர் கேட்டார். கடிதத்தில் எண் கிடையாது, அறிவிப்பில் இருந்த எண்ணும் கீழ்ப் பாதியில்தான் இருந்தது. தேதியும் கீழ்ப் பாதியில்தான் இருந்தது. கடிதத்தில் போட்டிருந்த நாளுக்கே போய்விடுவோம் என்று அவள் வந்திருக்கிறாள். வேறு என்ன செய்வாள்?

செயலாளர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. பொறுமையாக, குழந்தைக்குக் காட்டுவது போல, தன் கணினியைத் தட்டித் திரையை அவள் பக்கம் திருப்பினார். முழு அறிவிப்பும் வந்து நின்றது. பச்சைக் கையெழுத்து, ஊதா முத்திரை, செவ்வாய்க்கிழமை என்ற தேதி, தொலைபேசி எண், எல்லாம்.

"பாரும்மா. எங்களுக்கு எப்படித் திறக்குது? நீங்க பார்க்காம விட்டுட்டு எங்களைச் சொல்லக் கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "பாத்திமா, நீயே சொல்லும்மா. சைட் திறக்குதா, இல்லியா?"

"திறக்குது சார்" என்றேன்.

இரண்டு சொல். அந்த மேசையைப் பொறுத்தவரை உண்மை. அவளுக்கு எதிராக நான் சொல்லக்கூடியதிலேயே பெரிய பொய். சொல்லிவிட்டுக் கோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தமிழரசி திரையைப் பார்த்தாள், தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். "அப்ப என் போனுலதான் கோளாறுங்களா மேடம்?" என்று என்னிடம் கேட்டாள். செயலாளர்தான் பதில் சொன்னார், நல்ல போனாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார். அவள் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் குவார்ட்டர்ஸுக்கு வந்து, வீட்டுக்காரர் போனை வாங்கித் தளத்தைத் திறந்தேன். ஷிப்ட் முடிந்து வந்திருந்த அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை சுற்றியது. பிறகு மேல் பாதி வந்தது, கீழே சாம்பல் நிறம். அவள் சொன்னது சொன்னபடி.

செவ்வாய்க்கிழமை நேர்முகத்துக்கு வந்திருந்த பெண்களை மறுநாள் தேடிப் போய் ஒவ்வொருத்தியாகக் கேட்டேன், தேதி மாறியது உனக்கு எப்படித் தெரியும் என்று. ஒருத்தி வாசல் போர்டில் பார்த்தேன் என்றாள். ஒருத்திக்கு எங்கள் பியூன் சொன்னாராம். ஒருத்தியின் மாமா வீடு நிலையத்துக்குப் பக்கத்தில், அவர் சொன்னாராம். தளத்தைப் பார்த்து வந்தவள் ஒருத்தியும் இல்லை. வராதவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று செயலாளர் சொன்னாரே, உண்மையில் போர்டுக்குப் பக்கத்தில் வீடு இருந்தவர்கள்தான் வந்தார்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பத்தில் இருந்த முகவரியை எடுத்துக்கொண்டு சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறினேன். தமிழரசி நடவில் இருந்தாள். கரைக்கு வந்து, சேற்றுக் காலோடு நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். நடந்ததை மட்டும் சொன்னேன். செயலாளர் மேசையில் நீ பார்த்தது தளம் இல்லை, நான் வைத்த காப்பி. உன் போனில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு எங்களுடையது.

அவள் கையிலிருந்த நாற்றுக் கட்டைக் கரையில் வைத்தாள்.

"அன்னிக்கு அந்த ரூமுல நிக்கும்போதே இது உங்களுக்குத் தெரியுங்களா?"

"காப்பி இருக்கறது தெரியும்."

"தெரிஞ்சுகினேதான் திறக்குதுன்னு சொன்னீங்களா?"

"ஆமா."

"சரிங்க. நேரமாவுது, நடவு ஆளுங்க காத்துகினு இருக்காங்க" என்று இறங்கிப் போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே போய், செயலாளர் கணினியிலிருந்த காப்பியை அழித்துவிட்டு, அந்தப் படத்தைத் தட்டினால் வெளித்தளமே திறக்கும்படி மாற்றினேன். பத்து மணிக்கு அவர் தட்டினார். மணி அடித்தது. உள்ளே போனேன். திரை வெள்ளையாக இருந்தது.

"என்னம்மா ஆச்சு இதுக்கு?"

"ஒண்ணும் ஆகலை சார். இதுதான் நம்ம சைட். இத்தனை நாளா நீங்க பார்த்தது நான் உங்க மிஷின்ல வெச்ச காப்பி."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுவனர் படம் மெல்ல இறங்கியது, நிலையப் பாடல் விட்டு விட்டுப் பாடியது. கடைசியில் அந்த அறிவிப்பு வந்து, பாதியில் நின்று, கீழே சாம்பலானது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் அவருக்கு வந்த கோபம் நான் ஏமாற்றியதைப் பற்றித்தான். அது நியாயம். விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். நாலு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கை என் பணிப் பதிவேட்டில் ஏறியது. அதைப் பற்றி எனக்கு இன்றுவரை புகார் இல்லை. ஆனால் என் விளக்கத்தின் கடைசிப் பத்தியில், தகவல் போய்ச் சேராதவர்களுக்கு மறுபடி நேர்முகம் வைக்க வேண்டும், குறைந்தபட்சம் வயது முடிகிற தமிழரசிக்காவது வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். எலக்ட்ரீஷியன் பிரிவில் ஓர் இடத்தைக் கூட்டுவது அறக்கட்டளையின் கையில்தான் இருந்தது. அவர் அந்தப் பத்திக்குப் பக்கத்தில் பச்சை மையில் எழுதினார்: "பட்டியல் முத்திரையிடப்பட்டு வெளியாகிவிட்டது."

நேரில் போய்க் கேட்டேன். தப்பு நம்மளோடது சார் என்றேன்.

"தப்பு யாரோடதா இருந்தாலும் சீல் வெச்ச லிஸ்ட்டை மாத்த முடியாதும்மா. அப்புறம் சீலுக்கு என்ன மரியாதை?"

முத்திரைக்கு மரியாதை வேண்டுமாம். அந்த முத்திரையின் ஓரத்து எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே ஒருத்திக்குத் தேதியே தெரியாமல் போனது! நிர்வாகக் குழுவுக்கும் எழுதினேன். அடுத்த வருடம் விண்ணப்பதாரருக்கு முன்னுரிமை தரப்படும் என்று பதில் வந்தது. அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும் என்று நான் எழுதியிருந்த கடிதத்துக்குத்தான் அந்தப் பதில். படித்துப் பார்த்தார்களா என்றே தெரியவில்லை. இரண்டு மாதம் ஓடியது, அவள் வயதும் ஓடிவிட்டது.

தளம் பிற்பாடு சரியானது. எப்படிச் சரியானது என்று கேட்டால் இன்னும் கோபம் வரும். அறக்கட்டளைக்கு நன்கொடை தருகிற ஒரு பெரியவர் சென்னையில் இருந்தார். ஆண்டு விழாவில் தனக்குப் பொன்னாடை போர்த்திய படத்தைத் தளத்தில் பார்க்க ஆசைப்பட்டார். ரயிலில் போகும்போது போனில் திறந்திருக்கிறார், படம் பாதிதான் வந்திருக்கிறது. ஒரே ஒரு போன் செய்தார். அந்த வாரமே கூடுதல் இடம் வாங்க அனுமதி வந்தது. பழைய அறிவிப்புகளைத் தனியாக எடுத்து வைத்தோம், பாட்டை நிறுத்தினோம், அறிவிப்புகளை எழுத்தாகவே அடித்துப் போடச் சொல்லி உத்தரவானது. முத்திரை வைத்த தாளே வேண்டியவர்கள் தட்டிப் பார்க்கத் தனியாக ஒன்று. மூன்று குறிப்பாலும் நாலு பக்க விளக்கத்தாலும் ஒரு பெண்ணின் சீட்டாலும் ஆகாத காரியம் ஒரு பொன்னாடையால் ஆனது.

கவிதா, உன் கம்பெனிக்காரர்களிடம் இதைச் சொல். சின்னத் தளங்களுக்கு வரும் கோளாறு எல்லாம் எனக்குத் தெரியும். பெரிய படம், நிரம்பிய இடம், புதுப்பிக்க மறந்த பெயர், படிக்காமல் மூடிய பெட்டி. எல்லாவற்றையும் ஒரு மத்தியானத்தில் சரி செய்துவிடலாம். நம்ம மேசையில் திறக்கிறது, அதனால் கோளாறு அவள் போனில் என்று சொல்கிற வாய் இருக்கிறதே, அதைச் சரி செய்யத்தான் வழி தெரியவில்லை. அவர்களுடைய அறிக்கையை ஏசி அறையில், பெரிய திரையில் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள். யாரையாவது சேத்தியாத்தோப்பு வாய்க்கால் மடையில் நின்று பார்க்கச் சொல். பழைய போன் வைத்திருப்பவர்களுக்காகத்தான் அந்த நிலையமே நடக்கிறது.

இனி அந்தக் கட்டம். அடுத்த வருடச் சேர்க்கை அறிவிப்பை ஏற்றும்போது என்னால் கணினியை மூடிவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. என் திரையில் தெரிந்தது. அது எதற்கு உதவும்? தமிழரசியின் எண் விண்ணப்பத்தில் இருந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு கூப்பிட்டேன். யார் என்று சொன்னேன். உன் போனில் தளத்தைத் திறந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"எனக்குத்தான் வயசு தாண்டிடுச்சுங்களே. எதுக்கு என்னைக் கேக்கறீங்க?"

"உன் போன்ல திறந்தா எல்லாருக்கும் திறக்கும்மா. அதுக்குத்தான்."

போன் கட்டாகிவிட்டது. வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். அரை மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். பின்னால் வாய்க்கால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மடைக்குப் போயிருக்கிறாள்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு அறிவிப்புக்கும் அப்படித்தான். நான் ஏற்றிவிட்டுச் சொல்வேன். அவள் திறந்து பார்த்துவிட்டு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். வந்தால் திறக்கிறது. வராவிட்டால் எங்கேயோ கோளாறு, தேடிச் சரி செய்வேன். மிஸ்டு கால் வந்த நேரத்தை எழுதி, பக்கத்தில் 'த' என்று போடுவேன். அவளுக்கு நிலையத்திலிருந்து ஒரு நன்றிக் கடிதம்கூடப் போனதில்லை. நான் கேட்டேன், நிலையத்தோடு சம்பந்தமில்லாதவருக்கு எப்படி அனுப்புவது என்றார்கள்.

முதல் தடவை மட்டும்தான் மிஸ்டு கால் இல்லாமல் பேசினாள். திறந்துவிட்டதா என்று கேட்டேன். உடனே வந்துவிட்டது என்றாள். முழுசாக வந்திருக்கிறதா, கடைசி வரை தெரிகிறதா என்று கேட்டேன். நான் நம்பவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, வாசிக்கத் தொடங்கினாள்.

"பெண்கள் மட்டும். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர். பிளஸ் டூ தேர்ச்சி. வயது இருபத்தைந்துக்கு மேற்படக் கூடாது." அங்கே ஒரு நொடி நின்றாள். பிறகு தேதியையும் தொலைபேசி எண்ணையும் வாசித்து முடித்தாள். "எல்லா எழுத்தும் நல்லா தெரியுதுங்க மேடம். ஒண்ணுகூட மறையல."

பதிவேட்டை எடுத்து, கடைசியில் ஒரு கோடு கிழித்துப் புதுக் கட்டம் போட்டு, 'த' என்று எழுதினேன்.